விமானத் தூரமும் பறக்கும் நேரமும்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ், ரயில், விமான டிக்கெட் போட்டுத் தரும் சின்னக் கடை எங்களுடையது. ஒரு ஜெராக்ஸ் மிஷினும் உண்டு. கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கட்டணம். அடுத்து, "எவ்வளவு தூரம் சார், எத்தனை மணி நேரம்?" ஒரே பதிலைத் தினமும் பத்துப் பேருக்குச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு தூரம்? ஓர் இடத்தில் 2,900 என்கிறான், இன்னோர் இடத்தில் 1,800 என்கிறான், வேறோர் இடத்தில் 1,570 என்கிறான். எது சரி?

மூன்றுமே சரி. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது மைல், மூன்றாவது கடல் மைல். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானிகள் கடல் மைலில்தான் கணக்குப் போடுவார்கள். உலக வரைபடத்தில் வடக்கு தெற்காக ஒரு பாகை நகர்ந்தால் அது 60 கடல் மைல், நம் கணக்கில் 111 கிலோமீட்டர். எண்ணைப் பார்க்கும்போது பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பாருங்கள், அது போதும்.

அந்தத் தூரத்தை எப்படி அளக்கிறார்கள்? ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டா?

பூமி உருண்டை. அதனால் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் போடும் கோடு பெரும்பாலும் குறுக்குவழியாக இருக்காது.

என் பையனுக்குப் பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய உலக உருண்டை ஒன்று கடை மேசையில் கிடக்கிறது. பக்கத்து டெய்லர் கடையில் ஒரு முழம் நூல் வாங்கி, ஒரு முனையைச் சென்னையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மறுமுனையை அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ வரை இழுத்துப் பிடிப்பேன். நூல் தொய்வில்லாமல் இறுகியதும் பார்த்தால் அது பசிபிக் பெருங்கடலின் நடுவே போகாது. சீனாவைத் தாண்டி, சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் ஆர்க்டிக் வட்டத்தையே தொட்டுவிட்டு, அலாஸ்கா பக்கமாக இறங்கும். "எதுக்கு சார் வடக்கே ஏறி இறங்கணும்?" என்று கேட்டவர்கள் எல்லாரும் நூலைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். அதுதான் குறுக்குவழி, சுமார் 13,900 கிலோமீட்டர். விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று நீங்கள் பார்க்கும் எண் எல்லாமே இந்த இறுகிய நூலின் நீளம்தான். இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் கணினி கணக்குப் போட்டுவிடும்.

விமானம் அந்த நூல் போன வழியிலேயே போகுமா?

கிட்டத்தட்ட அதை ஒட்டிப் போகும், அச்சு அசலாகப் போகாது. வானத்திலும் குறிக்கப்பட்ட பாதைகள் உண்டு. புயல் மேகம் இருந்தால் விலகுவார்கள். ஓடுதளம் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறதோ அந்தத் திசையில்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். அதனாலேயே சில நேரம் ஊரை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள்.

நாடுகள் வானத்தை மூடிவிடுவதும் உண்டு. 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது, பதிலுக்கு இந்தியாவும் மூடியது. அதில் டெல்லியிலிருந்து ஐரோப்பா போன இந்திய விமானங்களுக்குச் சுற்றுவழி ஆனது. சென்னை துபாய் பாதைக்கு அந்தச் சிக்கல் இல்லை. நம்மவர்கள் மும்பைப் பக்கமாக ஏறி அரபிக் கடலைக் கடந்துவிடுகிறார்கள்.

தூரம் தெரிந்தால் நேரத்தை நாமே கணக்குப் போட முடியுமா?

போடலாம். கடையில் நான் சொல்லும் மனக்கணக்கு இது: ஜெட் விமானம் என்றால் கிலோமீட்டரை 800ஆல் வகுத்து, வரும் மணி நேரத்தோடு அரை மணி கூட்டுங்கள். பக்கத்து ஊர்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர் போன்ற விசிறி வைத்த விமானம் என்றால் 450ஆல் வகுத்து 25 நிமிடம் கூட்டுங்கள். அந்த அரை மணி எதற்கு என்றால், விமானம் வாசலிலிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்டு, ஓடுதளம் வரை ஊர்ந்து, வரிசையில் நின்று, மேலே ஏறி வேகம் பிடிப்பதற்கு. இறங்கும்போதும் இதே கதை.

சென்னை டெல்லி 1,760 கிலோமீட்டர் அளவு. 800ஆல் வகுத்தால் 2 மணி 12 நிமிடம், அரை மணி சேர்த்தால் 2.42. டிக்கெட்டில் ஏறத்தாழ அதுதான் இருக்கும், ஐந்து பத்து நிமிடம் கூடக் குறைய. விமானக் கம்பெனிகள் அட்டவணையில் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டுவைப்பார்கள். "பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்" என்று கேப்டன் அறிவிக்கும்போது கை தட்டத் தேவையில்லை.

சென்னையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் ஒரே தூரமாமே? அப்புறம் ஏன் துபாய் போகும் நேரமும் வரும் நேரமும் வேறு வேறாக இருக்கிறது?

ஆமாம், இரண்டுமே 2,900 கிலோமீட்டர் சொச்சம். சென்னையை நடுவில் வைத்துத் தராசு பிடித்த மாதிரி ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே.

வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று ஆறு மாதிரி ஓடும். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, துபாய் இருக்கும் அட்சரேகையை ஒட்டி, மேற்கிலிருந்து கிழக்காக அது பலமாக வீசும். துபாய் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. ஆகவே போக நாலரை மணி நேரம் வரை ஆனாலும் வர நாலு மணி நேரம்கூட ஆகாது. ஆற்றில் நீரோட்டத்தோடு நீந்துவதற்கும் எதிர்த்து நீந்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே இது தலைகீழாகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல்வானத்தில் கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று ஓடும். இந்த வெப்பமண்டலக் கிழக்குக் காற்றோட்டத்தை 1950களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலைத் துறையின் பி.கோடீஸ்வரம். அது உச்ச வேகத்தில் ஓடும் இடம் விமானங்கள் பறக்கும் மட்டத்துக்கும் மேலே. ஆனாலும் கீழே வரை அதன் சாயல் இருக்கும்.

டிக்கெட்டில் சிங்கப்பூரில் இரவு 8 மணிக்குக் கிளம்பி சென்னைக்கு 9.45க்கு வந்துவிடும் என்று போட்டிருக்கிறது. ஒன்றே முக்கால் மணி நேரத்திலா?

இது எங்கள் கடையின் நிரந்தரக் கேள்வி. டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர் கடிகாரம், சேரும் நேரம் இந்த ஊர் கடிகாரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே 8 என்றால் இங்கே 5.30. 5.30க்குக் கிளம்பி 9.45க்கு வந்தால் நாலேகால் மணி நேரம். கணக்கு சரியாகிவிட்டதா?

போகும்போது இது எதிர்ப்பக்கம் ஏமாற்றும். இரவு 11.30க்குச் சென்னையில் ஏறினால் காலை 6.20க்குச் சிங்கப்பூர் என்று இருக்கும். ஏழு மணி நேரம் தூங்கலாம் என்று தலையணை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. உண்மையில் 4 மணி 20 நிமிடம்தான். அதிலும் சாப்பாட்டு வண்டி வந்து எழுப்பும்.

துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். மலேசியா, சிங்கப்பூர் மாதிரியே இரண்டரை மணி முன்னால்.

நள்ளிரவு விமானத்துக்கு எந்தத் தேதியில் வீட்டைவிட்டுக் கிளம்புவது?

சிரிக்காதீர்கள், இதில்தான் அதிகம் பேர் விமானத்தைத் தவறவிடுகிறார்கள். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.40 என்று இருந்தால், 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு வரும் 12.40 அது. 14ஆம் தேதி மாலையிலேயே நீங்கள் சென்னை போகும் வழியில் இருக்க வேண்டும்.

என் மச்சானுக்கு நானே டிக்கெட் போட்டேன். தேதியைச் சொன்னேன், மணியைச் சொன்னேன், ராத்திரி முந்தின நாள் கணக்கு என்று மட்டும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டேன். 15ஆம் தேதி மதியம் பெட்டி கட்டி, மாமியார் கொடுத்த ஊறுகாயைப் பாலிதீனில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு, கடைக்கு வந்து "கிளம்பறேன் மாமா" என்றான். விமானம் போய்ப் பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து நள்ளிரவு டிக்கெட் அச்சடித்தால் அதன் மேலேயே சிவப்புப் பேனாவால் "14ஆம் தேதி சாயங்காலம் 5 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பவும்" என்று எழுதித்தான் கொடுக்கிறேன்.

புதுச்சேரியிலேயே விமான நிலையம் இருக்கிறதே, அங்கிருந்து எங்கே போகலாம்?

லாஸ்பேட்டையில் இருக்கிறது. கடலூரிலிருந்து முக்கால் மணி நேரம், முள்ளோடை தாண்டி நகர நெரிசலில் மாட்டினால் ஒரு மணி. 2017இல், சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ஸ்பைஸ்ஜெட் ஐதராபாத்துக்குப் பறந்தது. இடையில் நின்று, வந்து, மறுபடி நின்றது. 2024 டிசம்பர் 20இல் இண்டிகோ ஏ.டி.ஆர் விமானத்தோடு பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் தொடங்கியது.

பெங்களூரு 265 கிலோமீட்டர் அளவு, ஒரு மணி நேரம் சொச்சம். ஐதராபாத் சுமார் 605 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூருக்குச் சாலையில் ஆறு ஏழு மணி நேரம் ஆவதால் இது லாபம்தான். ஆனால் இந்த நிலையத்தில் சேவை வருவதும் நிற்பதும் வாடிக்கை. கல்யாணத் தேதியை வைத்து ஆறு மாதம் முன்னாலேயே திட்டம் போடுகிறவர்கள், சென்னை வழியாகவும் ஒரு மாற்று யோசித்து வைப்பது நல்லது.

ஏன் அங்கே பெரிய விமானம் வருவதில்லை?

ஓடுதளம் ஏறத்தாழ 1,500 மீட்டர்தான். ஏ.டி.ஆர் 72க்கு அது போதும். நூற்றெண்பது பேர் ஏறும் ஜெட் முழுப் பாரத்தோடு எழும்ப இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் வேண்டும். மே மாதப் புதுச்சேரி வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் இன்னும் கொஞ்சம் வேண்டும். நீட்டலாம் என்றால், நிலையம் மாநில எல்லையை ஒட்டி இருக்கிறது, தமிழ்நாட்டுப் பக்க நிலம் வேண்டும். பேச்சு பல வருஷமாக நடக்கிறது.

கடலூருக்கு விமான நிலையம் வருமா?

நெய்வேலியில் என்.எல்.சி.யின் ஓடுதளம் இருக்கிறது, உடான் திட்டத்திலும் பெயர் இருக்கிறது. டிக்கெட் விற்பனைக்கு வரும் அன்று எங்கள் கடை வாசலில் போர்டு வைக்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போனால் எவ்வளவு நேரம்?

நேர்கோட்டில் 120 கிலோமீட்டர்தான். ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டும். முன்னதாகப் போய்க் காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்தால் பஸ்ஸே மேல்.

கடலூரிலிருந்து சென்னை விமான நிலையம் போக எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

இதுதான் முக்கியமான கேள்வி. இதைக் கடைசியாகக் கேட்கிறார்கள், சிலர் கேட்பதே இல்லை.

காரில் புதுச்சேரி, திண்டிவனம் வழியாக 165 கிலோமீட்டருக்கு மேல் வரும். கூகுள் மூன்றேகால் மணி நேரம் என்று சொல்லும். கூகுளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செங்கல்பட்டு முதல் பெருங்களத்தூர் வரை நிற்கும் வண்டிகளின் முழுக் கதையும் முன்கூட்டித் தெரியாது. மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் என்று சுங்கச்சாவடிகள் வேறு. சாதாரண நாளில் நாலு மணி நேரம், பொங்கல், தீபாவளி முடிந்து எல்லாரும் சென்னை திரும்பும் நாளில் ஆறு மணி நேரம் வையுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, தெற்கிலிருந்து போகும் அரசு விரைவு பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. 2023 டிசம்பர் கடைசியில் அந்தப் பேருந்து நிலையம் திறந்தார்கள். அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடிக்க வேண்டும். பெட்டி குறைவாக இருந்தால் என் ஓட்டு ரயிலுக்கு. திருப்பாதிரிப்புலியூரிலோ விழுப்புரத்திலோ ஏறித் தாம்பரத்தில் இறங்குங்கள். கடற்கரை போகும் மின்சார ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். நாலாவது ஸ்டேஷன். வெளியே வந்தால் எதிரில் விமான நிலையம். நெரிசலுக்கு இதில் வேலையே இல்லை.

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடும். மேலே சொன்ன 11.30 சிங்கப்பூர் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 8.30க்கு நிலையத்தில் இருக்க, கடலூரில் மாலை 4 மணிக்குக் கார் ஏற வேண்டும். சிங்கப்பூரில் இறங்கி, குடிநுழைவு முடிந்து, பெட்டி எடுத்து வெளியே வரும்போது நம் கடிகாரத்தில் விடியற்காலை ஐந்து மணி ஆகியிருக்கும். மொத்தம் பதின்மூன்று மணி நேரம். அதில் விமானம் எடுத்துக்கொண்டது நாலு மணி இருபது நிமிடம், மூன்றில் ஒரு பங்கு. பறக்கும் நேரத்தில் இருபது நிமிடம் மிச்சமாகிறது என்று இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுப்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

திருச்சி வழியாகப் போகலாமா?

நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. திட்டக்குடி, விருத்தாசலம் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், திருச்சிதான். திட்டக்குடியிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவு, சென்னை அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய்க்கு அங்கிருந்து நேரடி விமானம் உண்டு. சிங்கப்பூர் தூரம் சென்னையைவிட ஐம்பது அறுபது கிலோமீட்டர் கூடுதல், வானத்தில் அது ஐந்து நிமிடம். 2024இல் திறந்த புது முனையமும் விசாலமாக இருக்கிறது. கடலூர் டவுன்காரர்களுக்குச் சாலைத் தூரம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நெரிசலை வைத்துப் பார்த்தால் நான் திருச்சி பக்கம். புதுச்சேரிக்காரர்களுக்குச் சென்னைதான்.

புதுச்சேரியிலிருந்து பாரிஸ், பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் போகிறவர்களுக்கு?

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962க்குப் பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் புதுச்சேரி, காரைக்காலில் நிறைய. சென்னையிலிருந்து பாரிஸ் சுமார் 8,000 கிலோமீட்டர். நிற்காமல் பறந்தால் பத்தரை மணி நேரக் கணக்கு, வளைகுடாவில் மாறிப் போனால் காத்திருப்போடு பதினைந்தைத் தாண்டும். பாரிஸ் கடிகாரம் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி பின்னால் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பும் நாட்கள். மாமா வீட்டில் காரை எத்தனை மணிக்கு அனுப்பச் சொல்வது என்று அந்த வாரத்தில் கேட்டால் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

ரீயூனியன் தீவு சென்னையிலிருந்து 4,630 கிலோமீட்டர் அளவு. பாரிஸ் தூரத்தில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. நேராகப் பறந்தால் ஆறேகால் மணி நேரம், துபாய் மாதிரி ஒன்றரை மணி பின்னால்.

புதுச்சேரிக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் வெளிநாட்டு விமான நிலையம் எது?

யாழ்ப்பாணம், பலாலி. நேர்கோட்டில் 240 கிலோமீட்டர், பெங்களூரைவிடப் பக்கம்! ஆனால் லாஸ்பேட்டையிலிருந்து அங்கே விமானம் இல்லை. வடக்கே சென்னைக்குப் போய், அங்கிருந்து தெற்கே பறக்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்.

மழைக்காலத்தில் டிக்கெட் போடலாமா?

போடலாம், ஆனால் நவம்பர், டிசம்பரில் மாற்று விமானம் பிடிக்க இடைவெளி விட்டுப் போடுங்கள். 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் பல நாள் மூடிக் கிடந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது மறுநாள் அதிகாலை வரை மூடினார்கள். அந்தத் தடவை விமானம் ஓடத் தொடங்கிய பிறகுதான் நமக்குச் சிக்கல். தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, கடலூர்க்காரர்கள் சாலையில் மாட்டிக்கொண்டார்கள். விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது, பயணி இங்கே முட்டியளவு தண்ணீரில் நின்றார்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவரை அழைத்துவர எத்தனை மணிக்கு வண்டி அனுப்புவது?

டிக்கெட்டில் போட்டிருக்கும் சேரும் நேரத்தோடு ஒன்றேகால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு முன் யாரும் வெளியே வர மாட்டார்கள். உள்நாட்டு விமானம் என்றால் அரை மணி போதும். டிரைவர் கடலூரிலிருந்து வருவதாக இருந்தால், அங்கே விமானம் கிளம்பிவிட்டது என்று உறுதியான பிறகு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமானம் எடுக்கும் நேரமும், மஞ்சக்குப்பத்திலிருந்து மீனம்பாக்கத்துக்குக் கார் எடுக்கும் நேரமும் அநேகமாக ஒன்றுதான்.